நல்ல பாட்காஸ்ட்டைத் தேடி எடுத்து அடுத்தவர் காதில் சேர்ப்பது எப்படி: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை பக்கம் பாட்காஸ்ட், அதாவது போனில் வேண்டிய நேரத்தில் கேட்கும் பேச்சு நிகழ்ச்சி, கேட்கத் தொடங்குகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து வருகிறேன். பொத்தானை அழுத்துவது யாருக்கும் கஷ்டமாக இல்லை. வேலையின் வரிசைதான் தப்புகிறது. முதலில் தேடுகிறார்கள், கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்கிறார்கள், பாதி கேட்டதுமே குடும்பக் குரூப்பில் லிங்க் போடுகிறார்கள். யாரும் திறப்பதில்லை. கொஞ்ச நாளில் சலித்துப் போய் ஆப்பையே நீக்கிவிடுகிறார்கள்.

கேட்கும் நேரம் முதலில், தேடல் அப்புறம், சோதனை அதற்கும் அப்புறம், கடைசியில்தான் பிறருக்குச் சொல்வது. சொல்லும்போதும் ஒரு ஆளுக்கு ஒரு எபிசோடு மட்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவைப்படும். ஆகவே தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

போனில் 2 ஜிபி காலி இடம் போதும். பேச்சு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் 64 முதல் 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு) அளவில் வரும். 64 என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி, 128 என்றால் சுமார் 58 எம்பி. அந்த 2 ஜிபியில் 30 மணி நேரத்துக்கு மேல் ஏற்றி வைக்கலாம். வீடியோ பார்த்துப் பழகியவர்கள் டேட்டா தீர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். ஒலிக்கு அவ்வளவு ஆகாது.

வயர் வைத்த இயர்போன் ஒன்று. உப்புக்காற்றும் வேர்வையும் படுகிற இடத்தில் விலை உயர்ந்த புளூடூத் மொட்டுகள் சீக்கிரம் கெட்டுப் போகும், சார்ஜும் போட வேண்டும். வயர் போனால் குறைந்த செலவில் வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு சின்ன நோட்டு. இதை வேண்டாம் என்று சொல்கிறவர்கள்தான் ஐந்தாவது படியில் நின்றுவிடுகிறார்கள்.

1. உங்கள் காது எப்போது சும்மா இருக்கிறது என்று பாருங்கள்

எதைக் கேட்கலாம் என்று யோசிக்கும் முன், எப்போது கேட்க முடியும் என்று எழுதுங்கள். கை வேலையில் இருந்து காது சும்மா இருக்கும் நேரம்தான் பாட்காஸ்ட்டுக்கு உரிய நேரம். கருவாடு காயவைக்கும் நேரம், வலை சரி பார்க்கும் நேரம், பனை ஓலை பின்னும் நேரம், கோயில் வாசலில் ஆட்டோவை நிறுத்திச் சவாரிக்குக் காத்திருக்கும் நேரம், ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் போகிற பஸ்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நிமிடம், எவ்வளவு சத்தம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பஸ் என்றால் ஒன்றரை மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கும். ஆட்டோ ஸ்டாண்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்து போகும். பஸ்ஸில் நீண்ட நேர்காணல் பொருந்தும். ஆட்டோக்காரருக்கு அதைக் கொடுத்தால் மூன்று சவாரிக்குப் பிறகு யார் பேசுகிறார் என்பதே மறந்து போகும். அவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடக் கதைகள்தான் சரி.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகுப் பழுது, வலை வேலை என்று கரையில் நேரம் நீளமாகக் கிடைக்கும். பல பகுதிகளாக வந்து முடிந்த தொடர்களை அந்த மாதங்களுக்கு என்று ஒதுக்கி வையுங்கள். பாக் நீரிணையில் விசைப்படகு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகு 4 நாள் என்று தொழிலுக்குப் போகும் வழக்கத்தால், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்குக் கேட்கும் நாள் வேறுவேறாக இருக்கும். பிறருக்குச் சொல்லும்போது இது உதவும்.

கேட்கக் கூடாத நேரத்தையும் இங்கேயே எழுதிவிடுங்கள். படகை ஓட்டுகிறவர் காதில் எதுவும் இருக்கக் கூடாது. வாக்கி டாக்கியில் வரும் கூப்பாடும் பக்கத்துப் படகின் எஞ்சின் சத்தமும் அவருக்குக் கேட்டாக வேண்டும். மற்றவர்களும் கடலில் ஒரு காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். சுற்றுலா வண்டிகள் விரையும் பாம்பன் சாலையில் சைக்கிள், பைக் ஓட்டும்போதும் வேண்டாம்.

2. ஒரே ஒரு ஆப், நாலு அமைப்புகள்

ஆப்புகளை ஒப்பிட்டுக்கொண்டே நாளைக் கடத்தாதீர்கள். ஆண்ட்ராய்டு போனில் ஆன்டெனாபாட் போடச் சொல்வேன். இலவசம், கணக்கு தொடங்க வேண்டாம், ஆப் தன் பங்குக்கு விளம்பரம் போடாது. ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே இருக்கும். ஸ்பாட்டிஃபை பழக்கமானவர்கள் அதிலேயே தொடரலாம், காசு கட்டாமலே பாட்காஸ்ட்டை டவுன்லோட் செய்ய முடியும். பழைய குறிப்புகள் சில கூகுள் பாட்காஸ்ட்ஸ் போடச் சொல்லும். அது 2024-ல் மூடப்பட்டுவிட்டது, தேட வேண்டாம்.

ஆப் போட்டதும் இந்த நாலையும் சரி செய்யுங்கள்.

மொபைல் டேட்டாவில் டவுன்லோட் செய்யும் அனுமதி. ஆன்டெனாபாட் வைஃபை வரும்வரை காத்திருக்கும் பழக்கமுள்ளது. வைஃபை இல்லாத வீட்டில் எதுவும் இறங்காது. புதியவர்கள் ஆப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அனுமதியைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும்.

கேட்டு முடித்ததும் தானாக அழிப்பது. இதைப் போடாவிட்டால் ஒரு மாதத்தில் போன் நிரம்பி, படம் எடுக்கக்கூட இடம் இருக்காது.

பேட்டரிக் கட்டுப்பாடு. சில போன்கள் திரை அணைந்ததும் பின்னால் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். பேச்சு பாதியில் நின்றால், போனின் பேட்டரி அமைப்பில் போய் இந்த ஆப்புக்கு மட்டும் தடையை எடுத்துவிடுங்கள்.

வேகம். வேகமாகக் கேட்டால் கெட்டிக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். 1 என்ற இயல்பு வேகத்திலேயே வையுங்கள். வயதானவர்களுக்கு 0.9 வைத்துக் கொடுத்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி என்று கணக்கு வைத்த பேக் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வழி: மீதமுள்ள டேட்டா நள்ளிரவில் போய்விடும். ராத்திரி பத்தரை, பதினொன்றுக்கு அடுத்த நாளுக்குத் தேவையானதை இறக்கிக்கொள்ளுங்கள். கடலுக்குப் போகிறவர்களும் தனுஷ்கோடியில் கடை போடுகிறவர்களும் கட்டாயம் இறக்கியே கேட்க வேண்டும். அரிச்சல்முனைப் பக்கம் போன் இலங்கை டவரைப் பிடிப்பதுண்டு. அங்கே போகும் முன் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

3. தேடுதல்: நாலு வாசல்

பலர் தேடல் பெட்டியில் தமிழ் என்று மட்டும் அடித்துவிட்டு மேலே வரும் பத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் வரிசையில் வருவது பெரும்பாலும் அதிகம் பேர் கேட்பது. உங்கள் நேரத்துக்கும் காதுக்கும் அது பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேறு வாசல் வழியாக நுழையுங்கள்.

முதல் வாசல், நீங்கள் ஏற்கெனவே விரும்பிய குரல். இந்தக் கரையில் வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் அதிகம். ஆகாசவாணி, இலங்கை வானொலி, இப்போது பாம்பனில் 90.4-ல் கடல் ஓசை. அவற்றில் எந்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்தீர்கள்? நாடகமா, நேயர் கடிதமா, மீனவர் பேச்சா? அந்த வகையை எழுதிக்கொண்டு அதைத் தேடுங்கள். கதை வாசிப்பு விருப்பமானவர்களுக்குக் கதை ஓசை என்ற நிகழ்ச்சியைத் தொடக்கமாகச் சொல்வேன். தமிழ்ப் புனைவுகளைத் தெளிவாக வாசித்துத் தருகிறது. இலங்கைத் தமிழ் காதுக்கு இனிமையாக இருக்கிறவர்கள் ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழைக் கேட்டுப் பார்க்கலாம். ஈழத்து உச்சரிப்பிலும் நம்மூர் உச்சரிப்பிலும் பேசுகிறவர்கள் அதில் உண்டு. தேவாலயத் தெருக்களில் வத்திக்கான் வானொலியின் தமிழ்ப் பிரிவைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பாட்காஸ்ட்டாகக் கிடைக்கிறது.

இரண்டாவது வாசல், விருந்தினர். ஒரு நேர்காணலில் யாராவது மனதில் நிற்கும்படி பேசினால், நிகழ்ச்சியைத் தொடரும் முன் அந்த ஆளின் பெயரைத் தேடலில் போடுங்கள். அவர் வேறு இடங்களில் பேசியதும் வரும். அந்த இடங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நல்ல கேள்வி கேட்கிறவர்களாக இருப்பார்கள். எனக்குப் பிடித்த நிகழ்ச்சிகளில் பாதிக்கு மேல் இந்த வாசலில் கிடைத்தவைதான். அடித்துச் சொல்வேன், நாலில் இதுதான் சிறந்தது.

மூன்றாவது வாசல், குறுகிய சொல். மீன் என்று தேடினால் சமையல் குறிப்பாகக் கொட்டும். பவளப்பாறை, கடற்பாசி, முத்துக்குளிப்பு, கடலாமை என்று தேடுங்கள். கிடைப்பது குறைவாக இருக்கும், ஆனால் கேட்கத் தகுந்ததாக இருக்கும். நிகழ்ச்சிப் பெயரில் மட்டும் தேடாமல் எபிசோடு பெயரிலும் தேடுங்கள். ஆன்டெனாபாட் போன்ற ஆப்புகள் நிகழ்ச்சிகளைத்தான் முதலில் காட்டும். எபிசோடைத் தேட லிசன் நோட்ஸ் என்ற இணையதளம் நல்லது.

நான்காவது வாசல் எழுத்து. தமிழ் நிகழ்ச்சிகள் பல தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில்தான் பதிந்திருக்கின்றன. கதை என்பதைத் தமிழில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒலிக்கிற விதத்தில் ஒருமுறை, வேறு எழுத்துக் கூட்டலில் இன்னொருமுறை தேடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு பட்டியல் வரும். தமிழ் எழுத்தில் மட்டும் தேடிவிட்டு நம் மொழியில் எதுவும் இல்லை என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிடைத்ததும் உடனே சேர்க்காதீர்கள். கடைசி எபிசோடு எப்போது வந்தது என்று பாருங்கள். தமிழில் ஏராளமான நிகழ்ச்சிகள் சில எபிசோடோடு நின்றுவிட்டவை. நின்றுபோனது என்பதற்காகத் தள்ள வேண்டாம். முடிந்த தொடர் தடைக்காலத்துக்கு நல்ல சேமிப்பு. ஆனால் வாரா வாரம் புதிதாக ஒன்று வேண்டும் என்கிற ஆளுக்கு அதைக் கொடுத்தால் ஏமாந்து போவார்.

ஒரு உட்காரலில் மூன்று நிகழ்ச்சிக்கு மேல் எடுக்க வேண்டாம். மூன்றையும் சோதித்த பிறகு மறுபடி தேட வரலாம்.

4. சோதனை: மூன்று எபிசோடு, கேட்கும் இடத்திலேயே

ஒரு நிகழ்ச்சியை ஒரு எபிசோடு வைத்து எடை போட முடியாது. மூன்று கேளுங்கள். எந்த மூன்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒன்று, சமீபத்தில் வந்தது. நிகழ்ச்சி இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியும். இரண்டு, நடுவில் எங்காவது கை வைத்து எடுத்த பழையது. முதல் எபிசோடை எடுக்காதீர்கள், எல்லாரும் அதில் தடுமாறித்தான் தொடங்கியிருப்பார்கள். மூன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றியது.

இந்த மூன்றாவதை யாரும் விட்டுவிடக் கூடாது. தனுஷ்கோடி பற்றி ஒரு எபிசோடு இருக்கிறதா என்று பாருங்கள், பல கதை நிகழ்ச்சிகளில் இருக்கும். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல், பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது, அப்புறம் அந்த ஊர் குடியிருப்பாக மீளாதது. இவை நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். நிகழ்ச்சிக்காரர் தேதியைச் சரியாகச் சொல்கிறாரா? மாண்டவர்களை மனிதர்களாகப் பேசுகிறாரா, பேய்க் கதையாக்கிக் காசு பார்க்கிறாரா? இன்றைக்கும் அந்தப் பக்கம் குடிசை போட்டு மீன்பிடிக்கிறவர்கள் இருப்பது அவருக்குத் தெரிகிறதா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றிய எபிசோடு, மீன்பிடித் தொழில் பற்றிய எபிசோடு, எதுவானாலும் சரி. நமக்குத் தெரிந்த இடத்தில் அசட்டையாக இருக்கிறவர், நமக்குத் தெரியாத இடத்தில் மட்டும் கவனமாக இருக்கப் போவதில்லை. மருத்துவம், பணம், சட்டம் பேசும் நிகழ்ச்சிகளை எடை போட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது இடம். ராத்திரி படுக்கையில் அமைதியாகக் கேட்டுவிட்டு அருமை என்று முடிவு செய்யாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதத்தில் கரையில் உட்கார்ந்து அதே எபிசோடைக் கேட்டுப் பாருங்கள். பேச்சுக்குப் பின்னால் இசையை ஓடவிடும் நிகழ்ச்சிகள் காற்றில் கரைந்து போகும். இருவர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும் நிகழ்ச்சிகளும் அப்படித்தான். ஒற்றைக் குரல், நிறுத்தி நிதானமாகப் பேசுவது, ஒலி அளவு கூடிக் குறையாமல் இருப்பது, இந்த மூன்றும் இருந்தால்தான் நம் கரைச் சத்தத்துக்குத் தாங்கும். அறிவுக்கு எவ்வளவு நல்லதானாலும் காதுக்கு எட்டாததைப் பட்டியலில் வைக்காதீர்கள்.

பத்து நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் அந்த எபிசோடை நிறுத்திவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மூன்றிலும் அப்படியே என்றால் நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள். ஊரே புகழ்கிறது என்பதற்காக நாலாவது வேண்டாம்.

5. கேட்ட கையோடு நாலு வரி

சோதனையில் தேறியதை நோட்டில் எழுதுங்கள். நிகழ்ச்சிப் பெயர், எபிசோடு பெயர், எத்தனை நிமிடம், எந்த நிமிடத்தில் உண்மையான பேச்சு தொடங்குகிறது. அதற்குக் கீழே, கேட்கும்போது யார் முகம் நினைவுக்கு வந்தது என்று ஒரு பெயர்.

அந்தப் பெயர்தான் முக்கியம். நல்ல எபிசோடு கேட்கும்போது தானாகவே ஒரு ஆள் நினைவுக்கு வருவார். அரை மணி நேரத்தில் அது மறந்துவிடும். அன்றைக்கே எழுதாதவர்கள் அப்புறம், எல்லாருக்கும் பொதுவாகப் போட்டுவிடலாம் என்று குரூப்புக்குப் போய்விடுகிறார்கள்.

யார் முகமும் வரவில்லையா? அது உங்களுக்கு மட்டுமானது. அப்படியே இருக்கட்டும்.

6. சொல்லும் முன் ஆளை விசாரியுங்கள்

பெயர் கிடைத்தவுடன் அனுப்பிவிடாதீர்கள். இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த வேலை செய்யும்போது கேட்பீர்கள்? வீட்டில் சத்தமாகப் போட்டுக் கேட்பீர்களா, இயர்போனிலா? ஸ்பீக்கரில் போடும் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் குற்றக் கதைகளும் கெட்ட வார்த்தை வரும் நிகழ்ச்சிகளும் கூடாது.

நம் கரையில் இன்னும் சில வீட்டு நிலைமைகளைப் பார்க்க வேண்டும். எல்லையில் பிடிபட்டு இலங்கைச் சிறையில் ஆள் இருக்கும் வீட்டுக்கு, படகுப் பறிமுதல் பற்றிய விவாத நிகழ்ச்சியை அனுப்பாதீர்கள். தனுஷ்கோடிப் புயலில் உறவை இழந்த குடும்பத்துப் பெரியவருக்கு அந்த எபிசோடு வேண்டுமா என்று நேரில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். சிலர் ஆசையோடு கேட்டுவிட்டு, விட்டுப்போனதைத் தாங்களே சொல்லத் தொடங்குவார்கள். சிலருக்கு வேண்டாம்.

சர்க்கரைக்கு மருந்து, பங்குச் சந்தைக் குறிப்பு, வெளிநாட்டு வேலை வாய்ப்பு, இந்த மூன்று வகையையும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்தினாலோ பணம் போட்டாலோ அதன் பொறுப்பு சொன்னவர் தலையிலும் விழும். வானிலை பேசும் எபிசோடும் அப்படியே. இறக்கி வைத்தது நேற்றைய பேச்சு. கடலுக்குப் போவதா வேண்டாமா என்பதை அன்றைய வானிலை மையத்தின் எச்சரிக்கையும், கடல் நிலை சொல்லும் அரசு மையமான இன்காய்ஸின் அறிவிப்பும்தான் சொல்ல வேண்டும்.

7. ஒரு ஆள், ஒரு எபிசோடு, ஒரு காரணம்

நிகழ்ச்சியைப் பரிந்துரைக்காதீர்கள். எபிசோடைப் பரிந்துரையுங்கள். இந்த நிகழ்ச்சி நல்லா இருக்கும், கேளு என்று சொன்னால் அவர் திறந்து பார்ப்பார். இருநூறு எபிசோடு இருக்கும். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மூடிவிடுவார். சொன்னவர் செய்ய வேண்டிய தேர்வைக் கேட்கிறவர் தலையில் போட்டதால் வரும் வினை இது.

சொல்லும் வாக்கியத்தில் நாலு விஷயம் இருக்கட்டும்: ஏன் உங்களுக்கு, எப்போது கேட்பது, எத்தனை நிமிடம், எங்கே தாண்டுவது. இப்படி:

“மைனி, கருவாடு பிரிக்கிறப்ப கேளுங்க. பழைய காலத்துக் கல்யாணச் சமையல் பத்திப் பேசுறாங்க, நீங்க சொல்ற மாதிரியே இருக்கு. 22 நிமிஷம்தான். முதல் 3 நிமிஷம் விளம்பரம், தள்ளிவிட்டுருங்க.”

“அண்ணே, ராம்நாடு போறப்ப பஸ்ல கேக்க ஒண்ணு வச்சிருக்கேன். டீசல் எஞ்சின் பத்தி. பேசுறவர் மெக்கானிக்கா இருந்தவர், நமக்குப் புரியிற மாதிரி சொல்றார். 50 நிமிஷம்.”

எழுத்தில் அனுப்புவதைவிட வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். பாட்காஸ்ட் கேட்க விரும்புகிறவர்களில் பலர் வாசிப்பதைவிடக் கேட்பதில் பழகியவர்கள். உங்கள் குரலில் இருபது விநாடி, அதற்குக் கீழே லிங்க். வெறும் லிங்கைவிட இது திறக்கப்படும் வாய்ப்பு மிக அதிகம், ஏனென்றால் காரணம் கூடவே போகிறது. குறிப்பிட்ட நிமிடத்திலிருந்து தொடங்கும்படி லிங்க் பகிரும் வசதியும் ஆன்டெனாபாட், ஸ்பாட்டிஃபை இரண்டிலும் உண்டு. பகிரும் பெட்டியில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அனுப்புங்கள்.

முழுதும் கேட்காததை அனுப்பவே கூடாது. முதல் அரை மணி நேரம் அழகாகப் போய், நாற்பதாவது நிமிடத்தில் ஒரு சாதியையோ மதத்தையோ இழிவாகப் பேசிவிடும் எபிசோடுகள் இருக்கின்றன. கோயிலும் தர்காவும் தேவாலயமும் அருகருகே இருக்கிற ஊர்கள் நம்முடையவை. ஒரு பார்வர்டு எவ்வளவு தூரம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

குரூப்பில் போட்டே ஆக வேண்டும் என்றால் வாரத்துக்கு ஒன்று, அதுவும் ஆளைச் சுட்டி. பெயர் சொல்லிப் போட்டால் மற்றவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். பொதுவாகப் போட்டால் தனக்கில்லை என்று எல்லாரும் தாண்டிப் போவார்கள்.

வளைகுடா நாடுகளில் ஆள் இருக்கும் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்து வீடுகளுக்கு நான் இன்னொன்றும் சொல்வேன். “லாத்தா, இதே எபிசோடை மச்சானுக்கும் அனுப்புங்க, வெள்ளிக்கிழமை பேசுறப்ப ரெண்டு பேரும் கேட்டிருப்பீங்க” என்று சொல்லிக் கொடுங்கள். காசு வந்ததா, பிள்ளை படிக்கிறதா என்பதற்கு அப்பால் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

8. போனில் போட்டுக் கொடுங்கள்

முதல் தடவை கேட்கிறவருக்கு லிங்க் மட்டும் போதாது. லிங்கைத் தொட்டால் உலாவி திறக்கும், கணக்கு தொடங்கச் சொல்லும், அங்கேயே விட்டுவிடுவார். பக்கத்தில் இருக்கிறவர் என்றால் அவர் போனை வாங்கி, அவர் கண் முன்னாலேயே இந்த வரிசையில் செய்யுங்கள்: ஆப் போடுவது, இரண்டாவது படியில் சொன்ன அமைப்புகள், அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் சேர்ப்பது, அந்த எபிசோடை இறக்குவது. பிறகு டேட்டாவை அணைத்துவிட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை விட்டால், கடலுக்குள் போன பிறகுதான் எபிசோடு இறங்கவே இல்லை என்று தெரியவரும்.

அப்புறம் போனை அவர் கையில் கொடுத்து, நிறுத்துவது, சில விநாடி பின்னால் போவது, மறுபடி ஓட்டுவது மூன்றையும் அவரையே செய்யச் சொல்லுங்கள். பின்னால் போகும் பொத்தானைக் கட்டாயம் பழக்குங்கள். யாராவது கூப்பிட்டு விட்டுப்போன இடத்தைப் பிடிக்கத் தெரியாததால்தான் பலர் கேட்பதை நிறுத்துகிறார்கள்.

பொத்தான் போன் வைத்திருக்கும் பெரியவர்களையும் விட்டுவிட வேண்டாம். ஆன்டெனாபாட்டில் இறக்கிய எபிசோடை ஒலிக் கோப்பாகவே பகிர முடியும். அதை மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்கலாம். கோப்பு எம்பி3 வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். சில எபிசோடுகள் எம்4ஏ வடிவில் வரும், எல்லாப் பொத்தான் போனிலும் அது ஓடாது. ஸ்பாட்டிஃபையில் இறக்கியதை இப்படி வெளியே எடுக்க முடியாது, அந்த ஆப்புக்குள்ளேதான் ஓடும். கோப்பாகக் கொடுப்பது வீட்டுப் பெரியவருக்கு மட்டும் இருக்கட்டும். இணையம் இருக்கிறவருக்கு லிங்கே கொடுங்கள். அப்போதுதான் உருவாக்கியவர்களுக்குக் கேட்டவர் கணக்கு சேரும். கோப்பை எடுத்து வேறு தளத்தில் ஏற்றுவது கூடவே கூடாது.

9. ஒரு வாரம் கழித்து ஒரே கேள்வி

கேட்டீங்களா என்று கேட்காதீர்கள். கேட்காதவருக்கு அது சங்கடம், மரியாதைக்காக ஆமாம் என்பார். எந்த இடத்தில் நிறுத்தினீங்க என்று கேளுங்கள். பதிலில் எல்லாம் வந்துவிடும். ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் குரலோ வேகமோ பொருந்தவில்லை. முப்பதாவது நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் நீளம் அதிகம், சிறியதாகப் பாருங்கள். முழுதும் கேட்டுவிட்டு அதில் வந்த ஒரு ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அப்போதுதான் இரண்டாவது எபிசோடு.

முதல் வாரமே ஐந்தாறு அனுப்புகிறவர்கள் அந்த ஆளை இழக்கிறார்கள். ஒன்று முடியாமல் இரண்டாவதைக் கொடுக்காதீர்கள்.

இரண்டு மூன்று எபிசோடு கேட்டு முடித்தவருக்கு மூன்றாவது படியில் இருக்கும் விருந்தினர் வாசலைக் காட்டிக் கொடுங்கள். அவரே தேடிக்கொள்வார், உங்களுக்கும் புதிதாக ஒன்று கொண்டுவருவார்.

10. பட்டியலைக் களைவதும் காப்பதும்

மாதம் ஒருமுறை, ஆப்பில் சேர்த்து வைத்த நிகழ்ச்சிகளின் பட்டியலைப் பாருங்கள். கடந்த மாதம் முழுக்கத் தொடாததை எடுத்துவிடுங்கள். ஏழெட்டு நிகழ்ச்சிக்கு மேல் இருந்தால் கேட்காத எபிசோடுகள் குவிந்து, ஆப்பைத் திறக்கவே மனம் வராது.

போன் தண்ணீரில் விழுவது நம் ஊரில் புதிதல்ல. பட்டியலை வெளியே எடுத்து வைக்க ஆன்டெனாபாட்டின் அமைப்புகளில் இறக்குமதி, ஏற்றுமதி என்ற பகுதி இருக்கிறது. அதில் ஓபிஎம்எல் என்ற கோப்பாகச் சேமித்து, உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். புது போனில் அதே இடத்தில் அந்தக் கோப்பைக் கொடுத்தால் நிகழ்ச்சிகள் எல்லாம் திரும்ப வந்துவிடும். கேட்டு நிறுத்திய இடம் அதில் வராது. அதுவும் வேண்டுமென்றால் அதே பகுதியில் தரவுத்தளத்தை ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். இறக்கி வைத்த ஒலிக் கோப்புகள் இரண்டிலும் வராது, அவற்றை ராத்திரி மீதி டேட்டாவில் மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும்.